38 பக்கம் எழுதி வச்சேன், புதுசா வந்த புள்ள நாலாவது ஸ்டெப்ல நிக்குது

பாலத்துக்காரன் | பாயான் லெப்பாஸ் | திங்கள், இரவு 9.12

வணக்கம் மக்களே. கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்குங்க.

நான் ஃபேக்டரி ஒண்ணுல டெஸ்ட் இன்ஜினியர். லைன்ல ஓடுற டெஸ்ட் ஸ்டேஷன் சாஃப்ட்வேர் எங்க டீம் பொறுப்பு. போன வருசக் கடைசியில ரெண்டு மாசம் உக்காந்து ஒரு செட்டப் கைடு எழுதினேன். 38 பக்கம். பொருளடக்கம், படம், பின்னிணைப்பு எல்லாம் உண்டு. பாஸ் புரட்டிப் பார்த்துட்டு "பாகுஸ்"ன்னாரு, மலாய்ல அருமைன்னு அர்த்தம். எனக்கும் பெருமைதான்.

போன வாரம் பொலிடெக்னிக்ல இருந்து பிராக்டிகலுக்கு ஒரு பொண்ணு வந்துச்சு. கைடைக் கையில குடுத்து, "இதுல எல்லாமே இருக்கும்மா, படிச்சுச் செய், முடியலன்னா கேளு"ன்னு சொல்லிட்டு மீட்டிங் போயிட்டேன். மூணாவது நாள் சாயங்காலம் போய்ப் பார்த்தா நாலாவது ஸ்டெப்ல நிக்குது. ஏம்மா வந்து கேக்கலன்னா, "எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்போல, எனக்குத்தான் தெரியலன்னு நெனச்சேண்ணே"ங்குது.

நாலாவது ஸ்டெப் இதுதான்: கன்சோலைத் திறந்து சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணு. இங்கிலீஷ்ல ஒரே வரி. (கன்சோல்னா கட்டளை குடுக்கிற இடம், சர்வீஸ்னா பின்னணியில ஓடுற புரோகிராம்.) அந்த மெஷின்ல கன்சோல்னு பேர் உள்ள சாமான் மூணு இருக்கு. விண்டோஸ் பக்கம் ஒண்ணு, லினக்ஸ் பக்கம் ஒண்ணு, மெஷின் முன்னாடி பட்டன் வச்ச தகரப் பெட்டி ஒண்ணு. டெக்னீஷியனுங்க அந்தப் பெட்டியையும் கன்சோல்னுதான் கூப்பிடுவாங்க. 14 வருசமா அங்கயே கிடக்குறேன், அது மூணுன்னு எனக்கு ஒரு நாளும் தோணினதில்ல.

தெரியாதவங்களுக்கு எது தெரியாதுன்னு தெரிஞ்சவன் எப்படிக் கண்டுபிடிக்கிறது? இந்த வேலையைச் செஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

---

பழைய ஒயர்மேன் | பட்டர்வொர்த் | திங்கள், இரவு 9.47

தம்பி, கோவிச்சுக்காதீங்க. தப்பு கைடுல இல்ல, நீங்க மீட்டிங் போனதுலதான்.

நான் வேலைக்குச் சேர்ந்தது பினாங்குப் பாலம் திறந்த வருசம், 1985. எனக்கு யாரும் ஒரு காகிதம் குடுக்கல. ஃபோர்மேன் பக்கத்துல நிப்பாரு, தப்பு செஞ்சா மண்டையில ஒரு தட்டு. ரெண்டு மாசத்துல எல்லாம் வந்துருச்சு. எங்கம்மா தோட்டத்துல ரப்பர் மரம் சீவினவங்க. உளியை எப்படிப் பிடிக்கிறது, இடது மேல இருந்து வலது கீழ எவ்வளவு சரிவா இழுக்குறது, பட்டையை எவ்வளவு ஆழம் எடுத்தா மரம் காயமாகாதுன்னு எழுதிக் குடுத்தா கத்துக்கிட்டாங்க? எங்க பாட்டி கையைப் பிடிச்சுக் காட்டினாங்க.

எழுத்து ஆளுக்கு மாத்து கிடையாது. அவ்வளவுதான் நான் சொல்றது.

---

கோப்பி ஓ கோசோங் | ஜெலுத்தோங் | திங்கள், இரவு 10.02

இதுக்கு எதுக்கு மண்டையை உடைக்கிறீங்க. அந்த 38 பக்கத்தை ஏஐ-கிட்ட குடுத்து "புதுசா வர்றவங்களுக்குப் புரியுற மாதிரி எழுது"ன்னு சொன்னா அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிடும்லா.

---

பிரிக்பீல்ட்ஸ் எழுத்தர் | கோலாலம்பூர் | திங்கள், இரவு 11.20

இதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. 11 வருடமாக மென்பொருள் கையேடு எழுதுகிறேன்.

கோப்பி ஓ, அதையும் செய்து பார்த்தாயிற்று. வழவழவென்று அழகாக எழுதித் தரும். எந்தக் கன்சோல் என்பது மூலத்திலேயே இல்லை என்றால் அதற்கும் தெரியாது. கேபினெட் சாவி கீழே காவலுக்கு நிற்கும் ஜாகாவிடம் இருக்கிறது என்பதும் தெரியாது. இல்லாததைக் கேட்டு வாங்கத்தான் ஆள் வேண்டியிருக்கிறது.

ஒயர்மேன் ஐயா, பாதி சரி. ஆனால் உங்கள் ஃபோர்மேன் பென்ஷன் வாங்கிக்கொண்டு போனபோது அவர் தலையில் இருந்ததில் எவ்வளவு அவரோடேயே போயிற்று?

பாலத்துக்காரன் கேட்டதற்கு வருகிறேன். 1990-இல் ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி ஒரு சோதனை வைத்தார். ஒருவர் எல்லாருக்கும் தெரிந்த பாட்டின் மெட்டை மேசையில் விரலால் தட்டுவார், எதிரே இருப்பவர் என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். தட்டியவர்கள் பாதிக்குப் பாதி கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நம்பினார்கள். 120 பாட்டில் சரியாகச் சொல்லப்பட்டது 3. தட்டுகிறவர் காதில் முழுப் பாட்டும் ஓடுகிறது, எதிரில் இருப்பவருக்குக் கேட்பதோ வெறும் டொக் டொக். உங்கள் 38 பக்கமும் அந்த டொக் டொக்தான். மன்னிக்கவும், என்னுடைய முதல் கையேடும் அப்படித்தான் இருந்தது.

யோசித்து யோசித்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரே வழிதான் எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணை முதல் பக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பின்னால் நாற்காலி போட்டு உட்காருங்கள், கையில் நோட்டு, வாயில் பூட்டு. அவர் தப்புச் செய்யும்போது நாக்கு துறுதுறுக்கும். பேசிவிட்டீர்கள் என்றால் அந்த இடம் போயிற்று, மறுபடி கிடைக்காது. ஒருவர் ஒரு இடத்தில் புதியவராக இருப்பது ஒரே தடவைதான்.

எத்தனை பேர் வேண்டும் என்று அடுத்துக் கேட்பீர்கள். மென்பொருள் பயன்பாட்டை ஆராயும் ஜேக்கப் நீல்சன் கணக்குப்படி 5 பேரை உட்கார வைத்தாலே சிக்கல்களில் சுமார் 85 விழுக்காடு வெளியே வந்துவிடும். என் அனுபவத்தில் முதல் ஆளே உங்கள் தூக்கத்தைக் கெடுத்துவிடுவார்.

---

பாலத்துக்காரன் | பாயான் லெப்பாஸ் | வியாழன், இரவு 10.35

அக்கா, செஞ்சு பார்த்துட்டேன். தூக்கம் போச்சு, உண்மைதான்.

பாதுகாப்பா இருக்கட்டும்னு லைன்ல இல்லாத ஸ்பேர் ஸ்டேஷன் ஒண்ணுல உக்கார வச்சேன். நான் பின்னாடி, ரெண்டு கையையும் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டு. (நோட்டுல எழுத மட்டும் வெளிய எடுத்தேன்.) நடந்ததை நடந்தபடியே சொல்றேன்.

கமாண்டுக்கு முன்னாடி வழக்கம்போல ஒரு டாலர் குறி போட்டிருந்தேன். அது பிராம்ப்ட்டுக்கு, அதாவது மெஷின் கமாண்டுக்குக் காத்திருக்குங்கிறதுக்கு அடையாளம், டைப் பண்றது இல்ல. பொண்ணு அதையும் சேர்த்து காப்பி பண்ணி ஒட்டுச்சு. கமாண்ட் இல்லைன்னு எரர். அழிச்சிட்டு மறுபடியும் அதேதான். நாலு தடவை. அப்புறம் அதுவே யோசிச்சு டாலரை எடுத்துச்சு. அப்பவும் எரர். ஏன்னு பத்து நிமிசம் எனக்கே புரியல. நான் வேர்ட்ல எழுதினேன், அது தன் இஷ்டத்துக்கு ரெண்டு சின்னக் கோட்டை ஒரு நீளக் கோடா மாத்தி வச்சிருக்கு. கண்ணுக்கு அழகாத்தான் இருக்கு, மெஷினுக்குப் புரியல. அப்ப அந்தக் கைடுல அந்தப் பக்கத்தைக் காப்பி பண்ணி யாருமே ஓட்டினதில்லன்னு ஆச்சு. நான் உட்பட.

அடுத்து பாஸ்வேர்டு. எங்க மெஷின் லினக்ஸ்ல பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில ஒரு புள்ளிகூட வராது. பொண்ணு ரெண்டு எழுத்து அடிச்சுது, நிறுத்துச்சு, கீபோர்டைத் தூக்கிப் பார்த்துச்சு, யுஎஸ்பியைக் கழட்டி வேற ஓட்டையில சொருகுச்சு. எனக்கு வாய் வரைக்கும் வந்துருச்சு, கடிச்சுக்கிட்டேன். கடைசியில பக்கத்து ஸ்டேஷன் கீபோர்டை இரவல் வாங்கிட்டு வந்துச்சு.

அதுக்கப்புறம் நோட்பேட்ல ஒரு கான்ஃபிக் ஃபைல், செட்டிங்ஸ் எழுதி வைக்கிறது. பேரு சரியாத்தான் குடுத்துச்சு. விண்டோஸ் சத்தமில்லாம கடைசியில ஒரு டெக்ஸ்ட் வாலை ஒட்டிடுச்சு, அந்த வாலை மறைச்சும் வச்சிடுச்சு. திரையில பார்த்தா நான் எழுதின பேரும் அதுவும் அச்சு அசல் ஒண்ணு. சாஃப்ட்வேர் மட்டும் "ஃபைல் இல்ல"ங்குது.

இதெல்லாம்கூடப் பரவாயில்ல. 9-ஆவது ஸ்டெப், கவரைத் திறந்து போர்டை எடு. 11-ஆவது ஸ்டெப், ரிஸ்ட் ஸ்ட்ராப் போட்டிருக்கியான்னு உறுதிசெய். நானேதான் எழுதியிருக்கேன்! (உடம்புல சேர்ற ஸ்டாட்டிக் மின்சாரத்தைத் தரைக்கு இறக்குற மணிக்கட்டுப் பட்டை அது.) வெறுங்கையால போர்டை எடுத்துட்டு, பக்கத்தைத் திருப்பிட்டு, 11-ஐப் படிச்சிட்டு, அப்படியே உறைஞ்சு போய் என்னைத் திரும்பிப் பார்த்துச்சு. ஸ்டாட்டிக் சுமார் 3,000 வோல்ட்டுக்குக் கீழ இருந்தா நம்ம விரலுக்கே தெரியாது. சில சிப்பு 100 வோல்ட்டுலயே போயிடும். நல்லவேளை ஸ்பேர் போர்டு. "சாரிண்ணே"ன்னு சொன்னது அது. சொல்லியிருக்க வேண்டியது நான்.

நோட்டுல 31 இடம் குறிச்சிருக்கேன்.

---

பழைய ஒயர்மேன் | பட்டர்வொர்த் | வியாழன், இரவு 10.58

ஸ்ட்ராப் விஷயம் படிச்சதும் வயித்தைக் கலக்கிருச்சு. எங்க காலத்துலயும் அபாய எச்சரிக்கை மட்டும் எழுத்துலதான் இருந்துச்சு, மெஷின் மேலயே ஒட்டியிருக்கும். கை வைக்கிற இடத்துக்கு முன்னாடி கண்ணு படணும்னு ஃபோர்மேன் சொல்வாரு.

அந்தம்மா கேட்டதுக்குப் பதில்: அவரு போனதுக்கு அப்புறம் ஒரு பழைய பேனல் வயரிங் யாருக்கும் புரியாம, அதை அப்படியே விட்டுட்டுப் பக்கத்துல புதுசா ஒண்ணு போட்டோம். செலவு சொல்ல மாட்டேன்.

---

மூணாம் மாடி | சைபர்ஜெயா | வியாழன், இரவு 11.31

மாத்துக் கருத்து சொல்ல ஒரு ஆளாவது வேணும், நான் சொல்றேன். பாஸ்வேர்டு அடிச்சா திரையில தெரியாது, டாலரை டைப் பண்ணாதே, ஃபைலுக்கு வால் இருக்கும்னு எல்லாத்தையும் எழுதினா 38 பக்கம் 120 ஆகிடும். ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் படுத்துட்டா எனக்கு வேணும்ங்கிறது ஒரே ஒரு போர்ட் நம்பர், எந்த வழியா கனெக்ட் பண்றதுங்கிற எண். அதைத் தேடி நான் குழந்தைப் பாடம் முழுக்கப் படிக்கணுமா? ஓரளவு அடிப்படை தெரிஞ்சுக்கிட்டு வர்றது வர்றவங்க பொறுப்பும்தான்.

---

பிரிக்பீல்ட்ஸ் எழுத்தர் | கோலாலம்பூர் | வெள்ளி, காலை 8.05

மூணாம் மாடி சொல்வது நியாயமான குறை. ஆனால் அதற்கு மருந்து புதியவர்களை விரட்டுவது அல்ல, ஒரே கையேட்டில் எல்லாரையும் ஏற்றுவதை நிறுத்துவது.

டேனியேல் ப்ரோசிடா என்பவர் ஆவணங்களை நான்காகப் பிரிக்கிறார், டயாடாக்சிஸ் என்று அதற்குப் பெயர். எங்கள் அலுவலகத்தில் நான் அதை கார் லைசென்ஸ் வைத்துத்தான் சொல்லிக் கொடுப்பேன். எல் போர்டு மாட்டிக்கொண்டு மைதானத்தில் புக்கிட் (மேடு) ஏற்றி நிறுத்துகிறோமே, அது பயிற்சிப் பாடம். எங்கும் போய்ச் சேர வேண்டியதில்லை, கை பழகினால் போதும். பாயான் பாருவிலிருந்து பட்டர்வொர்த்துக்கு எந்தச் சடக்கில் (சாலையில்) போவது என்பது செய்முறை; ஓட்டத் தெரிந்தவருக்கு மட்டும். சடக்குக் குறிகளின் பட்டியல் மூன்றாவது, உங்கள் போர்ட் நம்பர் இருக்க வேண்டிய இடம் அதுதான். மேட்டில் ஏன் ஹேண்ட் பிரேக் பிடித்துக் கிளம்ப வேண்டும் என்ற விளக்கம் நான்காவது. 38 பக்கத்தில் நான்கும் குழம்பாகக் கிடந்தால் ராத்திரி ரெண்டு மணிக்காரரும் திட்டுவார், முதல் நாள் வந்தவரும் அழுவார்.

அடிப்படை தெரிந்து வரட்டும் என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எந்த அடிப்படை என்று முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். "லினக்ஸ் தெரிந்திருக்க வேண்டும்" என்று எழுதாதீர்கள், அது எதையும் சொல்லவில்லை. "டெர்மினலைத் திறந்து ஒரு ஃபோல்டருக்குள் போய் வரத் தெரிந்திருக்க வேண்டும், தெரியாவிட்டால் முதலில் இதைப் படி" என்று எழுதுங்கள்.

---

ஆறாம் வகுப்பு | செந்தூல் | வெள்ளி, மாலை 4.40

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியர், கம்ப்யூட்டர் கிளப் பொறுப்பு. பிள்ளைகளுக்காக நல்ல தமிழில் ஒரு வழிகாட்டி எழுதினேன். "பூனைப் படத்தைச் சொடுக்கவும்" என்று முதல் வரி. முன் வரிசைப் பையன் ஒருவன் திரைக்கு நேரே கையை நீட்டி விரலைச் சொடுக்கினான். பூனை அசையவில்லை. மறுபடியும் பலமாகச் சொடுக்கினான்.

அவன் செய்ததில் தப்பே இல்லை. சொடுக்கு என்றால் அதுதானே. இப்போது "மவுஸை வைத்து ஒரு தடவை அழுத்து (இதைத்தான் சொடுக்குதல் என்போம்)" என்று முதல் தடவை எழுதிவிட்டு, அதற்கப்புறம் தைரியமாகச் சொடுக்கு என்றே எழுதுகிறேன். தமிழ்ச் சொல்லை விட மனசில்லை. 2001-இல் தமிழ் இணைய மாநாடு நம் கோலாலம்பூரிலேயே நடந்தது, அந்தக் காலத்திலிருந்து எத்தனையோ பேர் உட்கார்ந்து உருவாக்கிய சொற்கள் இவை. அறிமுகப்படுத்தாமல் மேடையேற்றினால்தான் சங்கடம்.

---

கோப்பி ஓ கோசோங் | ஜெலுத்தோங் | வெள்ளி, மாலை 5.15

சார், பூனையை நெனச்சு நெனச்சுச் சிரிக்கிறேன் 😂

எங்க இடத்துல இதுக்கு எதிர்மாதிரி ஒண்ணு. மலாய்ல ஃபைலை எழுதுறதும் fail-ங்கிற அதே நாலு எழுத்து, இங்கிலீஷ்ல தோத்துப்போச்சுன்னு எழுதுறதும் அதே நாலு எழுத்து. ஒருத்தன் ஃபோல்டருக்கு மலாய்ல "ஃபாயில் லாமா"ன்னு பேர் வச்சான், பழைய ஃபைல்னு அர்த்தம். இந்தியாவுல இருந்து வந்த இன்ஜினியர் அதைப் பார்த்துட்டு எந்த டெஸ்ட் ஃபெயில் ஆச்சுன்னு ஒரு நாள் முழுக்கத் தேடினாரு. ஏஐ பத்தி நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன், அதுவும் தேடியிருக்கும்.

---

பிரிக்பீல்ட்ஸ் எழுத்தர் | கோலாலம்பூர் | வெள்ளி, இரவு 9.50

மொழி என்று வந்ததால் ஒன்று. விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்கு எளிமைப்படுத்திய இங்கிலீஷ் ஒன்று இருக்கிறது. 1980-களில் ஐரோப்பிய விமானத் துறையில் தொடங்கியது. ஒரு சொல்லுக்கு ஒரே பொருள், செய்முறை வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக்கூடாது. மூன்று கன்சோல் அங்கே பிழைத்திருக்காது.

ஆனால் தமிழுக்கு ஒரு வசதி உண்டு, இதை நான் பல வருடம் கழித்துத்தான் கவனித்தேன். இங்கிலீஷ் கையேட்டில் "பட்டனை அழுத்து" என்பது முதலில் வந்து "விளக்கு எரிந்த பிறகு" என்பது பின்னால் தொங்கும். மலாயிலும் பெரும்பாலும் அதே வரிசை. கையைப் பட்டன் மேல் வைத்துக்கொண்டு படிக்கிறவர் வாக்கியம் முடிவதற்குள் அழுத்திவிடுவார். தமிழில் சாதாரணமாகச் சொன்னாலே "விளக்கு எரிந்ததும் பட்டனை அழுத்து" என்றுதான் வரும். நிபந்தனை முன்னால், வினை கடைசியில். நான் இங்கிலீஷில் எழுதும்போதும் இப்போது முதலில் தமிழில் முணுமுணுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஸ்ட்ராப் 11-க்குப் போனதும் இதே நோய்தான், கொஞ்சம் பெரிய அளவில்.

---

புது வரவு | பாயான் லெப்பாஸ் | சனி, காலை 11.03

வணக்கம். இன்னிக்குத்தான் கணக்குத் திறந்தேன். ஃபிரெண்டு ஒருத்தி லிங்க் அனுப்பினா. அந்த நாலாவது ஸ்டெப் பொண்ணு நான்தான் 🙈

அண்ணே, நீங்க எழுதினதுல ஒண்ணு விட்டுப்போச்சு. முதல் நாள் எனக்கு நிஜமா பயத்தைக் குடுத்தது கன்சோல் இல்ல. கைடுல 12 இடத்துல "ஜஸ்ட்"னும் "சிம்பிளி"ன்னும் போட்டிருந்தீங்க. ஜஸ்ட் ரீஸ்டார்ட் பண்ணு, சிம்பிளி எடிட் பண்ணு. அவ்வளவு சுலபமானது எனக்கு வரலன்னா நான் இந்த வேலைக்கே லாயக்கில்லபோலன்னு தோணுச்சு. அதனாலதான் கேக்கல. வீட்டுல அம்மாகிட்டகூட எல்லாம் நல்லாப் போகுதுன்னுதான் சொன்னேன்.

இன்னொண்ணு. ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் கீழ, சரியா நடந்தா திரையில என்ன வரும்னு எழுதுங்கண்ணே. தப்பா நடந்துச்சா சரியா நடந்துச்சான்னே தெரியாமத்தான் நான் பாதி நேரம் உக்காந்திருந்தேன்.

---

பாலத்துக்காரன் | பாயான் லெப்பாஸ் | சனி, காலை 11.20

ஐயோ. நீயாம்மா. பேர் போடாம எழுதினது நல்லதாப் போச்சு.

எண்ணிப் பார்த்தேன். 12 இல்ல, 14.

---

பாலத்துக்காரன் | பாயான் லெப்பாஸ் | மூணு வாரம் கழிச்சு, செவ்வாய், இரவு 9.30

என்ன ஆச்சுன்னு ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க.

பழைய 38 பக்கத்தை உடைச்சாச்சு. முதல் நாளுக்குன்னு தனியா 6 பக்கம். அதை எழுதினது நான் இல்ல, அந்தப் புள்ளதான். தப்பு இருக்கான்னு மட்டும் நான் பார்த்தேன். போர்ட் நம்பர், எரர் கோடு எல்லாம் தனி அட்டவணை, மூணாம் மாடி மாதிரி ஆளுங்களுக்கு. கடைசியா யார், என்னைக்கு, எந்த மெஷின்ல ஓட்டிப் பார்த்தாங்கன்னு ஒவ்வொரு பக்கத்துக்கும் மேல ஒரு வரி. மூணு கன்சோலுக்கும் மூணு பேர் வச்சு மெஷின்லயே லேபிள் ஒட்டியாச்சு; டெக்னீஷியனுங்க அந்தப் பெட்டியை இன்னமும் கன்சோல்னுதான் சொல்றாங்க, அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது. நாலாவது ஸ்டெப் இப்ப இப்படி இருக்கு:

"லினக்ஸ் திரையில கறுப்பு டெர்மினல் ஜன்னலைத் திற. கீழ இருக்கிற வரியை அடி. பாஸ்வேர்டு கேக்கும், நீ அடிக்கிறது திரையில தெரியாது, கீபோர்டு நல்லாத்தான் இருக்கு. முடிஞ்சதும் 'ஆக்டிவ்'னு பச்சை எழுத்துல வரும். வரலன்னா 5-ஆவது ஸ்டெப்புக்குப் போகாதே, என்னைக் கூப்பிடு." கீழ என் எக்ஸ்டென்ஷன் நம்பர்.

நேத்து ரெண்டாவது பிராக்டிகல் பையன் வந்தான். ரெண்டே கால் மணி நேரத்துல முடிச்சிட்டான். ஒயர்மேன் ஐயா, நான் மீட்டிங் போகல, பின்னாடிதான் உக்காந்திருந்தேன்.

ஒரே ஒரு இடத்துல மாட்டினான். கடைசிப் பக்கத்துல "சிவப்பு விளக்கு அணைஞ்சு பச்சை எரிஞ்சதும் கவரை மூடு"ன்னு இருக்கு. தமிழ் வரிசையிலயேதான் எழுதியிருந்தோம். பையன் விளக்கையே பார்த்துக்கிட்டு நிக்கிறான், நிக்கிறான். அவனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே மாதிரிதான் தெரியுமாம்.

---

பழைய ஒயர்மேன் | பட்டர்வொர்த் | செவ்வாய், இரவு 9.52

எங்க டிப்பார்ட்மென்ட்ல அப்படி ஒருத்தர் இருந்தாரு. எந்த இடத்து விளக்குன்னு சொன்னா போதும், கலர் வேணாம். டிராஃபிக் லைட்டை அவரு அப்படித்தான் பார்ப்பாரு.

---

புது வரவு | பாயான் லெப்பாஸ் | செவ்வாய், இரவு 10.10

அண்ணே, அதை மத்தியானமே மாத்திட்டேன். "மேல இருந்து ரெண்டாவது விளக்கு"ன்னு போட்டாச்சு. நாலாவது ஸ்டெப்லயும் "பச்சை எழுத்துல"ன்னு இருக்கு, அதை இப்பத்தான் பார்த்தேன். நாளைக்கு வந்து எடுத்துடுறேன்.